மலிவுணவுக் கணக்கு: ஸ்டிக்லரின் கட்டுரை பற்றிய ஓர் ஆய்வு

ஒரு தேவையை நிறைவு செய்யும் வழிகள் பலவாயின், அவற்றுள் செலவு மிகக் குறைந்ததைத் தெரிவது எவ்வாறு என்னும் வினா வாணிகத்துக்கும் அரசாட்சிக்கும் இல்லறத்துக்கும் பொதுவானது. இவ்வினாவை எண்களால் தெளிவுற எடுத்துரைத்த முன்னோடி ஆக்கங்களுள் ஒன்று, அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் ஸ்டிக்லர் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உயிர்வாழ்வின் செலவு’ என்னும் கட்டுரையாகும். அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே ஆராயத்தக்கன.

154 இறாத்தல் நிறையுள்ள, மிதமாக உழைக்கும் ஆடவன் ஒருவனுக்கு வேண்டிய ஊட்டங்களை மிகக் குறைந்த செலவில் அளிப்பது எப்படி என்பதே ஸ்டிக்லர் எடுத்துக்கொண்ட வினா. கலோரி, புரதம், கல்சியம், இரும்பு, சில விற்றமின்கள் என ஒன்பது தேவைகளையும், 77 உணவுப் பொருள்களின் விலைகளையும் அவர் ஆராய்ந்தார். எல்லா வகையிலும் பிறிதொன்றிற்குத் தாழ்ந்த பொருள்களை நீக்கி, எஞ்சியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். 1939 ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39.93 டொலர் என்பது அவர் கண்ட விடை. கோதுமை மா, ஆவியாக்கிச் செறித்த பால், கோவா, பசளி இனக் கீரை, உலர்ந்த அவரை விதை என்னும் ஐந்துமே அவ்வுணவு. இதனிலும் குறைந்த செலவு இல்லையென்று நிறுவ நேரான முறை எதுவும் தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

அம்முறையை 1947 இல் ஜோர்ஜ் டான்சிக் வகுத்தார். ‘ஏகபரிமாணத் திட்டமிடல்’ எனப்படும் இத்துறையின் இயல்பைச் சிறிய கற்பனைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஓர் இறாத்தல் தானியம் 4 சதம். அது 3 அலகு சக்தியும் 1 அலகு புரதமும் தரும். ஓர் இறாத்தல் பயறு 6 சதம். அது 2 அலகு சக்தியும் 4 அலகு புரதமும் தரும். தேவையானவை 12 அலகு சக்தியும் 14 அலகு புரதமும் எனக் கொள்க. தானியத்தின் அளவு த, பயற்றின் அளவு ப எனின், கட்டுப்பாடுகள் பின்வருமாறு:

3த + 2ப ≥ 12
த + 4ப ≥ 14
த ≥ 0, ப ≥ 0

இவற்றுக்கு அமைய 4த + 6ப என்னும் செலவைச் சிறிதாக்குதல் வேண்டும். வரைபடத்தில் இக்கட்டுப்பாடுகள் நேர்கோடுகளால் எல்லையிடப்பட்ட பரப்பொன்றைத் தரும். செலவுக் கோட்டைச் சமாந்தரமாக உட்புறம் நோக்கி நகர்த்தினால், அது அப்பரப்பை விட்டு நீங்குமுன் ஓர் உச்சியைத் தொட்டே தீரும். ஆகவே உச்சிகளைச் சோதித்தல் போதும். (0, 6) இல் செலவு 36 சதம். (14, 0) இல் 56 சதம். இரு கோடுகளும் வெட்டும் (2, 3) இல் 26 சதம். இரண்டு இறாத்தல் தானியமும் மூன்று இறாத்தல் பயறுமே விடை. மாறிகள் பெருகின் உச்சிகளும் எண்ணற்றுப் பெருகும். ஓர் உச்சியிலிருந்து செலவு குறையும் அடுத்த உச்சிக்குச் செல்லும் ஒழுங்கான வழியே டான்சிக்கின் சிம்பிளெக்சு முறை.

1947 இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தில் ஜக் லேடர்மன் என்பவரின் தலைமையில் ஸ்டிக்லரின் கணக்கு இம்முறையாற் செய்யப்பட்டது. மேசைக் கணிப்புப் பொறிகளைக் கொண்டு அதனை முடிக்க, ஒருவர் 120 நாள் செய்யத்தக்க வேலை தேவைப்பட்டது. கிடைத்த விடை 39.69 டொலர். ஸ்டிக்லரின் மதிப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 24 சதமே என்பது அவரது கூர்மைக்குச் சான்று.

எனினும் அவ்வுணவை எவர் உண்பார்? ஸ்டிக்லரே அதனை எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. குறை தீர்த்தலில் அன்று. வினாவை அமைத்தலிலேயே உள்ளது. சமனிலியாக எழுதப்படாத எதனையும் கணிதம் மதியாது. டான்சிக் தம் உடல்நிறையைக் குறைக்க விரும்பி, வயிறு நிறைந்த உணர்வைப் பெரிதாக்கும் உணவுத்திட்டமொன்றைக் கணனியிடம் வேண்டியபோது, அது 500 கலன் வினாகிரியை விடையிற் சேர்த்ததாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். கணனி பிழை செய்யவில்லை. வினாகிரிக்கு மேலெல்லை கூறப்படவில்லை, அவ்வளவே.

இதனாற் கணிதம் மனித வாழ்வுக்கு ஒவ்வாதது எனத் துணிதல் தகாது. மேற்காட்டிய கணக்கில், தானியம் பயற்றிலும் குறையலாகாது என்னும் சுவை சார்ந்த கட்டுப்பாட்டைச் சேர்த்தால், ஒவ்வொன்றும் 2.8 இறாத்தலாகிச் செலவு 28 சதமாகும். மேலதிக 2 சதமே அச்சுவையின் விலை. உணவியலார் வகுத்த மலிவுணவுகள் தமது கணக்கினும் மிகக் கூடிய செலவுடையனவாயிருந்தமைக்குக் காரணம், அவர்கள் சுவையையும் வழக்கத்தையும் ஊட்டத்தோடு கலந்தமையே என்று ஸ்டிக்லர் சுட்டினார். அவரது கட்டுரையின் நிலைத்த பயன் இதுவே: உடலுக்கு இன்றியமையாதது எது, மனம் வேண்டுவது எது என அது பிரித்துக் காட்டிற்று.

வறியோர்க்கு உணவு வகுக்கும் நிறுவனமாயினும், மாணவர் விடுதியாயினும், செலவைக் குறைக்கப் புகுவோர் முதலில் ஆராய வேண்டியது கட்டுப்பாடுகளின் பட்டியலையே. உண்பவனின் விருப்பத்துக்கு அதில் இடமில்லையாயின், விடை எத்துணைத் திருத்தமாயினும் அவனுக்குரியதாகாது.