காத்திருக்கக் கொடுத்து வைத்தவர்கள்

பங்குச் சந்தையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் இலக்கிய வாசகன் படிக்கத் தகுந்தவை அதிகம் இல்லை. எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, எட்வின் லெஃபெவர் 1923-ல் வெளியிட்ட ‘ரெமினிஸன்ஸஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்’. மற்றது, பெஞ்சமின் கிரஹாம் 1949-ல் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’. முன்னது அன்றாடம் வாங்கி விற்கிறவனின் கதை. பின்னது, வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பவனுக்குச் சொன்ன புத்திமதி. இரண்டும் அமெரிக்கப் புத்தகங்கள்தான். ஆனால் நம் சுங்குவார்சத்திரத்தை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் அவற்றின் பலமும் பலவீனமும் நன்றாகத் தெரிகின்றன.

லெஃபெவரின் கதாநாயகன் பதினாலு வயசில் ஒரு தரகர் ஆபீசில் பலகையில் விலை எழுதிப் போடும் பையனாகச் சேருகிறான். எண்கள் ஏறி இறங்குவதில் ஏதோ ஓர் ஒழுங்கு அவனுக்குத் தென்படுகிறது. அப்புறம் அவனுக்கு வேறு உலகம் இல்லை. சம்பாதிக்கிறான், எல்லாவற்றையும் தோற்கிறான், மறுபடி சம்பாதிக்கிறான். எடுத்தால் கீழே வைக்க முடியாத கதை. ஆனாலும் அதில் எனக்குப் பெரிதாகப் பட்ட பாத்திரம் பார்ட்ரிட்ஜ் என்ற கிழவர்தான். ஒரு மோட்டார் கம்பெனிப் பங்கை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவன் அவருக்கு யோசனை சொல்கிறான். கிழவர் மறுத்துவிடுகிறார். விட்ட இடம் திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்று அவருக்குத் தெரியும். அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் பெரும் பணம் தந்தது என்று கதாநாயகனும் பின்னால் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அப்படி வாழ அவனால் முடியவில்லை. ஆசிரியரும் கிழவரைச் சில பக்கங்களில் முடித்துவிட்டு ஓட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சபலம் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பவனை வைத்து அத்தியாயம் வளர்ப்பது கஷ்டம்.

அந்தக் கதாநாயகனுக்கு மூலம் ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற நிஜ மனிதர். 1929 வீழ்ச்சியில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர், 1934-ல் திவாலானார். 1940 நவம்பரில் நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகத்தின் விறுவிறுப்பே கசக்கிறது.

கிரஹாம் அதே வீழ்ச்சியில் அடிபட்டுத் தேறியவர். சந்தையை அவர் ஒரு கூட்டாளியாகக் கற்பனை செய்கிறார். தினமும் வந்து ஒரு விலை சொல்வான். ஒரு நாள் குதூகலமாக இருப்பான், ஒரு நாள் பீதியோடு இருப்பான். இஷ்டமிருந்தால் வியாபாரம் பேசலாம், இல்லாவிட்டால் அனுப்பிவிடலாம். முதலீட்டாளனுடைய வேலை, கணக்குகளைப் படிப்பது, மதிப்பைவிட விலை நன்றாகக் குறைந்திருக்கும்போது வாங்குவது, பிறகு தன் மனசை அடக்கிக்கொண்டிருப்பது. மூன்றில் கடைசிதான் கடினம். இதைக் கிரஹாமைப் போலத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் ஒருவன் நிதானமாக இருப்பதற்கு என்ன வேண்டும் என்று அவர் தீர விசாரிக்கவில்லை. அவர் எதிரே உட்காரும் ஆளிடம் ஏற்கெனவே மிச்சப் பணம் இருக்கிறது. அடுத்த வருஷமும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

சுங்குவார்சத்திரத்துக்கு வாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள். ஓர் அறையை நாலைந்து பேராகப் பங்கிட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற பையன்கள். பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். அடுத்த வருஷம் வேலை உண்டா என்றே தெரியாதவனிடம் இருபது வருஷம் பொறுத்திரு என்றால், அவன் சிரிப்பான். வாரம் முடிந்தால் கெடுவும் முடிந்துவிடுகிற ஆப்ஷன் வியாபாரம் அவன் கைப்பேசியிலேயே இருக்கிறது. அவன் வாழ்க்கையின் அளவுக்கு அதுதான் பொருந்துகிறது.

முடிவு என்ன? 2024 செப்டம்பரில் செபி ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று வருஷங்களில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடைசி வருஷத்தில் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயசுக்கு உட்பட்டவர்கள். முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே. இதைப் பேராசை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அதே செப்டம்பர் 9-ந் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 15-ல் நிறுத்தம் முடிந்தது. அதே அக்டோபர் 15-ல், அதே நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் கம்பெனியின் பங்குகள் பொது விற்பனைக்கு வந்தன. 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா காணாத தொகை. விற்ற பணம் முழுவதும் கொரியாவிலுள்ள தாய்க் கம்பெனிக்கு. 1,960 ரூபாய்க்கு விற்ற பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே சுமார் 7 சதவீதம் இறங்கியது. அன்றே விற்று லாபம் பார்க்க நினைத்தவன் ஏமாந்தான். பொறுத்திருந்தவன் 2025 செப்டம்பரில் 2,500-க்கு மேல் விலை கண்டான். இடையில் 1,600-க்குக் கீழே போனதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பான்.

வேலை நிறுத்தம் செய்தவர்களும் ஒரு முதலீடு செய்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கைக்கு வரவேண்டிய சம்பளத்தைப் பணயம் வைத்து, பலன் வர வருஷங்கள் ஆகும் ஒன்றைக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. வேலை தன்னுடையது என்ற எண்ணம் இருப்பவனுக்கே அத்தனை பொறுமை வரும். அந்த எண்ணத்துக்கு இடமில்லாத காண்ட்ராக்ட் பையனிடம் போய்க் கிரஹாமைப் படி என்று சொல்வதில் நியாயம் போதாது.

லெஃபெவர் ஓடுகிறவனை எழுதினார். கிரஹாம் நிற்கிறவனுக்குப் பாடம் சொன்னார். ஒருவனுக்கு நிற்கக் காலடியில் நிலம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்து அறை ஒன்றிலிருந்து ஒரு தமிழ் நாவல் வரவேண்டும். வந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.