பாடலாம், மெட்டுப் போடக் கூடாது

மன்னார்புரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் காலையை அறிவிப்பவை இரண்டு ஓசைகள். ஒன்று பொன்மலை ரயில்வே பணிமனையின் சங்கு. அப்பா அந்தச் சங்குக்கு முன்னால் சைக்கிளை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று அம்மாவின் முணுமுணுப்பு. அம்மா பாடமாட்டார். கூடத்தில் தாத்தா உட்கார்ந்திருக்கையில் மருமகள் வாய்விட்டுப் பாடுவது மரியாதை இல்லை. ஆனால் வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் இழுத்தால் அது பாட்டுக் கணக்கில் வராது. அம்மா கண்டுபிடித்து வைத்திருந்த சந்து அது. அரிசி களைவதிலிருந்து அடுப்பு அணைப்பது வரைக்கும் அந்த ஹம்மிங் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்ப் படங்களின் பின்னணி இசையைக் கொஞ்சம் கவனித்துக் கேட்கத் தொடங்கியபோது, எங்கள் சமையலறையின் விதிதான் அங்கேயும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நாயகி முதன்முதலில் திரையில் வரும்போது ஒரு பெண் குரல் ‘ல ல லா’ என்று வருடிக்கொடுக்கும். அவள் அழும்போது அதே குரல் கொஞ்சம் கீழிறங்கும். பேய்ப் படமென்றால் வெள்ளைச் சேலையோடு அதே குரல் மரத்தடியில் அலையும். அழகு, துக்கம், பயம் எல்லாவற்றுக்கும் பெண் குரல் வேண்டும். அவளுக்கு வார்த்தை மட்டும் வேண்டியதில்லை. கோரஸில் நிற்கும் பெண்களின் பெயர்கள் கேசட் அட்டையில் வருவதில்லை. அட்டையின் கீழ்ப்பகுதியில் ‘இசை’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அது ஆணின் பெயர்.

இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதன் மேல் உள்ள பிரியம் இன்றைக்கும் போகவில்லை. பிரியம் இருப்பதால்தான் கேள்வியும் இருக்கிறது.

முதலில் ஒரு டிவி கேம் கதை. தொண்ணூறுகளின் ஒரு கோடை விடுமுறையில் பெரியப்பா வீட்டில் டிவி கேம் வாங்கினார்கள். டிவியில் சொருகி, கேசட் போட்டு, இரண்டு கைப்பிடிகளோடு ஆடும் மலிவான பெட்டி. அண்ணன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கைப்பிடி. ‘உனக்கு அடுத்த சான்ஸ்’ என்பார்கள். அந்த அடுத்த சான்ஸ் அரைமணி நேரம் கழித்து வரும். வந்த வேகத்தில் என் ஆள் செத்தும் போவான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு ஆட்டத்தின் இசையும் மனப்பாடம். தொப்பி போட்ட குட்டை ஆள் பழம் பொறுக்கிக்கொண்டு கோடாலி வீசி ஓடுவானே, அந்த ‘அட்வென்சர் ஐலண்ட்’. சுவர்களுக்கு நடுவில் குண்டு வைத்துவிட்டு ஓடும் ‘பாம்பர்மேன்’. சிறு சிறு துண்டுகளாக வந்து, முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும் மெட்டுகள். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் இலக்கணம். பள்ளியில் வைத்திருந்த பழைய ஆர்மோனியத்தில் அவற்றை வாசித்துக் காட்டி அண்ணன்களை அசத்தியிருக்கிறேன்.

வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1985இல் வந்த ‘பாம்பர்மேன்’, 1986இல் வந்த ‘அட்வென்சர் ஐலண்ட்’ இரண்டுக்கும் இசையமைத்தவர் ஜுன் சிக்குமா என்ற ஜப்பானியப் பெண். எங்கள் தெருவில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்துக்காகப் பையன்கள் கடை வாசலில் காசோடு நிற்பார்கள். 1991இல் வெளியான அதன் இரண்டாம் பாகத்தின் இசையில் பெரும்பகுதியை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா. இசைக் கல்லூரியில் பியானோ படித்துவிட்டு 1988இல் கேப்காம் நிறுவனத்தில் சேர்ந்தவர். அதே நிறுவனத்தில் 1987இல் ‘மெகா மேன்’ ஆட்டத்துக்கு இசையமைத்தவர் மனாமி மட்சுமாய், அவரும் பெண்தான். குத்தும் உதையுமாக, ‘பையன்கள் சமாச்சாரம்’ என்று என்னை ஒதுக்கி வைத்த அந்த ஆட்டங்களின் காற்றை நிரப்பியிருந்தது பெண்களின் கற்பனை.

இது எப்படிச் சாத்தியமானது? வீடியோ கேம் இசை அன்றைக்கு மதிப்பில்லாத வேலை. பீப் பீப் சத்தம் என்று இசை உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. யாரும் பொருட்படுத்தாத திண்ணையில் பெண்கள் உட்கார்ந்தால் யாரும் எழுப்பிவிடமாட்டார்கள். அங்கேயும் பெயர் விஷயத்தில் சிக்கல்தான். 1986இன் ‘காசில்வேனியா’ ஆட்டத்துக்கு இசையமைத்தவர்கள் கினுயோ யமஷிதா, சடோயே டெராஷிமா என்ற இரு பெண்கள். ஆட்டம் முடிந்து திரையில் ஓடிய பட்டியலில் இருந்த பெயரோ ஜேம்ஸ் பனானா! பேய்ப் பட இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை வைத்துச் செய்த வேடிக்கை. புனைபெயர் போடுவது அந்தக் காலத்து நிறுவனங்களின் பொது வழக்கம், ஆண்களுக்கும் அதே கதைதான் என்பது உண்மை. ஆனால் பெயர் தெரியாத இடத்தில் நாம் இயல்பாகவே ஓர் ஆணைக் கற்பனை செய்துகொள்கிறோம் என்பதும் உண்மை. நானும் அப்படித்தான் செய்தேன்.

இனி நம் பக்கம். இந்தியத் திரையிசையின் தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள். பம்பாய் டாக்கீஸின் ‘அச்சுத் கன்யா’ (1936) படத்துக்கு இசையமைத்தவர் சரஸ்வதி தேவி. அவருடைய உண்மையான பெயர் குர்ஷித் ஹோம்ஜி. பார்சி வீட்டுப் பெண் சினிமாவுக்குப் போவதா என்று சமூகத்தில் எதிர்ப்பு வந்ததால் பெயர் மாறியது. ஒரு பெண் மெட்டுப் போட வேண்டுமென்றால் முதலில் தன் பெயரைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. 1959இல் ‘தில் தேக்கே தேக்கோ’ மூலம் வந்த உஷா கன்னா இந்தியில் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தார்.

தெற்கே சாவித்திரி 1968இல் ‘சின்னாரி பாப்பலு’ என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். முக்கியப் பொறுப்புகளில் பெண்களையே வைத்து எடுத்த படம் அது. இசை பி. லீலா. ஆயிரம் மேடைகளில் நாம் ‘பாடகி’ என்று மட்டும் அறிமுகப்படுத்தும் அதே லீலா. அடுத்த ஆண்டு அதே கதை தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆனது. இயக்கம் சாவித்திரிதான். இசை மட்டும் எஸ். பி. கோதண்டபாணி. அவர் நல்ல இசையமைப்பாளர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெண்கள் கூடி எடுத்த படம் தமிழுக்கு வரும்போது, மெட்டுப் போட்ட பெண் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிட்டார்.

பாடுவதற்கும் மெட்டுப் போடுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்கு வீட்டிலேயே அறிமுகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கீபோர்டு வகுப்புக்குப் போகிறேன் என்றேன். ‘பாட்டுக் கிளாஸுக்குப் போயேன், பொண்ணு பாக்க வர்றப்ப ரெண்டு பாட்டுப் பாடலாம். மெட்டுப் போட்டு நீ யாருக்குக் குடுக்கப் போற?’ என்றார் பெரியம்மா. அவர் கெட்டவர் இல்லை. உலகம் எப்படி இயங்குகிறதோ அதைச் சொன்னார். பாட்டு, பெண்ணின் சீர்வரிசையில் ஒன்று. குரல் உடம்போடு சேர்ந்தது. உடம்பு கைமாறும்போது குரலும் போகும். மெட்டு அப்படியில்லை, அது யோசனை. ஸ்டூடியோவில் முப்பது ஆண்களிடம் ‘இந்த இடத்தை இப்படி வாசியுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம். இரவு இரண்டு மணி வேலை. பெண்ணின் குரலுக்குக் கிடைத்த அனுமதி, பெண்ணின் யோசனைக்குக் கிடைக்கவில்லை.

பெண் பார்க்கும் படலம் என்றதும் ‘மௌன ராகம்’ (1986) நினைவுக்கு வராமல் இருக்காது. மணிரத்னம் இயக்கம், இளையராஜா இசை. என்னிடம் பிடித்த திரையிசைப் பட்டியல் கேட்டால் முதல் ஐந்துக்குள் இதுதான் வரும். திவ்யா (ரேவதி) தன்னைப் பெண் பார்க்க வருபவரைத் தவிர்ப்பதற்காகவே வீட்டுக்குத் தாமதமாக வருகிறாள், மழையில் ஆடுகிறாள். எஸ். ஜானகி பாடிய அந்தப் பாட்டில் ஒரு பெண்ணின் உடம்பு யாருக்காகவும் இல்லாமல் தனக்காக மட்டும் துள்ளுகிறது. அப்புறம் கல்யாணம், டெல்லி, விருப்பமில்லாத குடித்தனம். என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்க, விவாகரத்து என்கிறாள்.

பாடல்களை மட்டும் எடுத்துக் கணக்குப் பாருங்கள். மொத்தம் ஐந்து. ஜானகியின் தனிப்பாடல்கள் இரண்டு: ஒன்று கல்யாணத்துக்கு முந்தைய மழையில், மற்றொன்று அவள் மனம் இளகி, கணவன் மேல் ஆசை வந்த பிறகு. எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் தனிப்பாடல்களும் இரண்டு. இரண்டுமே கணவன் சந்திரகுமாரின் ஏக்கத்துக்கு. நிராகரிக்கப்பட்ட ஆணின் வலி நம் காதில் தேனாக இறங்குகிறது. நிராகரிக்கும் பெண்ணின் வலிக்குப் பாட்டு இல்லை. ‘வேண்டாம்’ என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாட்களுக்கும் அவளுக்கென்று ஒரு மெட்டு கிடையாது. ‘சரி’ என்று மனம் சாய்ந்த பிறகுதான் அவள் குரல் திரும்பி வருகிறது. அவன் நல்லவன், இவள்தான் பிடிவாதக்காரி என்று படம் பார்த்துவிட்டு நாம் சொல்வதற்கு, கதையைவிட அந்த இரண்டு பாட்டுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். வசனத்தோடு வாதாடலாம், இசையோடு வாதாடுவது கடினம். அது கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேதையின் இசை என்றால் இன்னும் ஆழமாக.

பதினாறு ஆண்டுகள் கழித்து, திவ்யாவாக நடித்த ரேவதி ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002) என்ற ஆங்கிலப் படத்தை இயக்கினார். சிதம்பரத்திலிருந்து கல்யாணமாகிக் கலிஃபோர்னியா போன லட்சுமி (ஷோபனா), மகள் வளர்ந்து விலகியதும் தனியாகிறாள். கணினியில் முகம் தெரியாத ஒருவரோடு பேசத் தொடங்கித் தன்னைக் கண்டெடுக்கிறாள். திரைக்கதையில் வி. பிரியா, சுதா கொங்கரா. ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா. படத்தொகுப்பு பீனா பால். சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகை, சிறந்த படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள். இசை பவதாரிணி. ‘மௌன ராகம்’ இசையமைத்தவரின் மகள். அந்நிய ஊரில் தனித்துப்போன ஒரு மனைவியின் கதைக்கு அப்பா இசையமைத்தார்; இன்னொரு மனைவியின் கதைக்கு மகள் இசையமைத்தார். இவ்வளவு பொருத்தமான ஒரு ஜோடி நம் கையில் இருந்தும் அதை வைத்து நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம்?

ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், மூவருமே இசையமைப்பாளர்கள். கார்த்திக் ராஜாவை, யுவன் சங்கர் ராஜாவை இசையமைப்பாளர் என்று அழைத்தோம். யுவனின் படங்கள் நூறைத் தாண்டின. பவதாரிணி இசையமைத்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘பாரதி’ (2000) படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வாங்கினார். 2024 ஜனவரி 25இல் அவர் 47 வயதில் புற்றுநோயால் மறைந்தபோது, நாம் பார்த்த தலைப்பு ‘பாடகி பவதாரிணி’, அல்லது ‘இளையராஜாவின் மகள்’. குறைவாகச் செய்வது அவருடைய விருப்பமாகவும் இருந்திருக்கலாம். ஒரு தனி மனுஷியின் மனதை வெளியிலிருந்து அளக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு துறையின் பழக்கத்தை அளக்கலாம். ஆஸ்கரில் பின்னணி இசைக்கான பரிசு 1930களிலிருந்தே இருக்கிறது. அதைப் பெண் ஒருவர் முதன்முதலில் வென்றது 1997இல், ரேச்சல் போர்ட்மன். ‘ஜோக்கர்’ படத்துக்காக ஹில்டர் குட்னாடோட்டிர் வென்றது 2020இல். எல்லாப் பெண்களும் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள் என்று நம்புவதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

பவதாரிணி இறந்த சில மாதங்களில், விஜய் நடித்த ‘கோட்’ படத்துக்காகச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு அவர் குரலை மறுபடி உருவாக்கிப் பாட வைத்தார்கள். இசை, தம்பி யுவன். அக்காவை இழந்த தம்பியின் பாசம் அது. அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன். பாட்டைக் கேட்டு நானும் அழுதேன். அழுது முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. அந்தப் பெண்ணிடமிருந்து திரும்பி வர வேண்டும் என்று நாம் விரும்பியது எது? குரல். இன்னொருவர் மெட்டில், இன்னொருவர் வரிகளில், மூச்சுவிடாமல் பாடும் குரல். அவர் போட்ட மெட்டுகள் எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படாமல் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? நான் தேடவில்லை. ‘மித்ர்’ படத்தை அவர் மறைந்த பிறகுதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது இசை யார் என்று கவனித்ததாகவே நினைவில்லை.

அதனால் மாணவிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்கள், பத்து விளையாட்டுகளின் இசையைப் பட்டியல் போடுங்கள். பக்கத்தில் இசையமைத்தவரின் பெயர் எழுதுங்கள். பிறகு, அந்த இசை யாருடைய வலிக்குப் பாட்டுக் கொடுக்கிறது, யாரை மௌனமாக விடுகிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். பிடித்ததை விட்டுவிடச் சொல்லவில்லை. ‘மௌன ராகத்தை’ நானும் விடப்போவதில்லை.

போன பொங்கலுக்கு மன்னார்புரம் போயிருந்தபோது அம்மா அதே மெட்டை இழுத்துக்கொண்டிருந்தார். தாத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. இன்னும் வார்த்தை வரவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்கும் அது எந்தப் படத்துப் பாட்டு என்று முதல்முறையாகக் கேட்டேன்.

‘படத்துல எங்க வந்துச்சு? அது சும்மா நானா போட்டது.’

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் ஓர் இசையமைப்பாளர் இருந்திருக்கிறார். மகள் நானே கேட்கவில்லை. செல்பேசியில் அதைப் பதிவுசெய்து, கோப்புக்கு அம்மாவின் பெயரை வைத்தேன்.