ஒளிந்த பெயரும் அரைப் பேரும்: அட்டாரி 2600 பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனியானதொரு பொருளுண்டு. ஒருநாள் வேலை செக்ரோலிற் பதியப்படுவதே பேர். பறித்த கொழுந்து நிறையிற் குறைந்தால் அரைப் பேர். ஆளைக் குறித்த சொல் கூலியின் அலகாக மாறியமை வெறும் மொழி விந்தையன்று. உற்பத்தி உறவுகள் சொல்லின் பொருளையே மாற்றியமைத்த வரலாறு அது. தேயிலைப் பெட்டிமீது தோட்டத்தின் பெயர் கப்பலேறிற்று. பறித்தவளின் பெயர் செக்ரோலோடு நின்றது. தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியொன்றின் வரலாற்றை இவ்விடத்திலிருந்து நாம் படிக்க முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் அவ்வரலாற்றின் நடுவிலும் பெயர் பற்றிய வழக்கொன்று கிடக்கின்றது.

கலிபோர்னியாவின் அட்டாரி நிறுவனத்தை வார்னர் கொம்பனி 1976 இல் 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மறு ஆண்டு செப்டெம்பரில், பின்னர் ‘2600’ எனப் பெயர் பெற்ற கருவி சந்தைக்கு வந்தது. (இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் 1977 இலேயே.) காட்ரிஜை மாற்றினால் விளையாட்டு மாறும். கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மாத்திரமே. முழுப் படமொன்றைச் சேமித்துவைக்க அதில் இடமில்லை. தொலைக்காட்சித் திரையில் இலத்திரன் கற்றை ஒவ்வொரு வரியாக ஓடுகையில், அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து நிரல் படத்தை ஆக்கவேண்டும். வெண்பாவின் தளைக்கட்டினை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கட்டுப்பாட்டின் ஆக்கவலிமையை விளக்கவேண்டியதில்லை.

நிக் மொன்ட்ஃபோர்ட், இயன் போகொஸ்ட் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ‘ரேசிங் த பீம்’ என்னும் நூல் இதனையே ஆறு விளையாட்டுகளைக் கொண்டு நுணுகி ஆராய்கின்றது. வடிவத்தைக் கலைஞனின் அகத்தூண்டலுக்குள் தேடாது கருவியின் பௌதிக எல்லைகளுள் தேடியமை அதன் பெருஞ்சிறப்பு. எனினும் சில்லின் எல்லைகள் ஒரு பனுவலின் பொருளடிப்படையில் ஒரு பாதியே. யார், எந்தக் கூலிக்கு, எவருடைய உடைமையாக அதனை ஆக்கினர் என்பது மறுபாதி.

அட்டாரி தன் நிரலாளரின் பெயர்களைக் காட்ரிஜிலோ பெட்டியிலோ அச்சிடவில்லை. வொரன் ரொபினெற் ‘அட்வென்சர்’ என்ற விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்து, ஆக்கியோன் தானே எனத் தன் பெயரை அங்கு எழுதிவைத்தார். நிர்வாகத்துக்குச் சொல்லாமலே 1979 இல் விலகியும் விட்டார். 1980 இல் இளம் விளையாட்டாளர் ஒருவர் எழுதிய கடிதத்தின் பின்னரே கொம்பனிக்கு அது தெரியவந்தது. ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவன் தன் பெயர் பொறிப்பது நம் மரபில் இயல்பான செயல். இங்கோ அது களவாகச் செய்யவேண்டிய காரியமாயிற்று.

அதே 1979 இல் டேவிட் கிரேன் முதலிய நால்வர் தம் பெயரும் விற்பனையிற் பங்கும் கேட்டனர். காட்ரிஜைப் பொருத்தும் தொழிலாளியினும் நீங்கள் மேலானவரல்லர் என்ற கருத்துப்படத் தலைமை நிர்வாகி ரே கஸார் விடையிறுத்ததாகக் கிரேன் பின்னாளிற் கூறியுள்ளார். அவமதிப்பாகச் சொல்லப்பட்டதாயினும், வர்க்க நிலையில் அக்கூற்று உண்மையே! நால்வரும் அதனை அவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை. வெளியேறி அக்டிவிஷன் கொம்பனியை நிறுவினர். ஆக்கியோர் பெயரை அச்சிட்டனர். அட்டாரி தொடுத்த வழக்கு 1982 இல் இணக்கத்தில் முடிந்தது. பெயர் மீட்கப்பட்டது மெய். அது உடைமையாகவே மீட்கப்பட்டது.

1983 பெப்ரவரியில் அட்டாரி தன் உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றியபோது கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,700 பேர் வேலையிழந்தனர். இக்கருவியின் மரபு பற்றி எழுதுவோர் ரொபினெற்றின் இரகசிய அறையை விரும்பிச் சொல்கின்றனர்; பொருத்துபவர்களைப் பற்றிய பேச்சு அருகியே காணப்படுகின்றது. இரகசிய அறையைத் தனிமனித மேதைமையின் கையொப்பமாகக் கொண்டாடும் வாசிப்பு, அந்த மௌனத்துக்கு உடந்தையாகின்றது என்பதே நம் கருத்து.

பெயர் கேட்டு வெளியேறியோரின் கொம்பனி, இணைப்புகள் பல கண்டு, 2023 இல் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு மைக்ரோசொஃப்டிடம் கைமாறியது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில், அதன் கிளையான ரேவன் சொஃப்ட்வெயரில் விளையாட்டுகளின் பிழைகளைத் தேடும் சோதனைப் பணியாளர்கள், 19 வாக்குக்கு 3 வாக்கு என்ற கணக்கில் தமக்கொரு தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டனர்.