ஊதிய மூச்சு

பழைய தமிழ் வேதாகமத்தில் யோவான் சுவிசேஷத்தின் முதல் சொல் ‘ஆதியிலே’. ஆதியாகமத்தின் முதல் சொல்லும் அதுவே. கிரேக்கத்தில் ‘என் ஆர்க்கே’. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யூதர்கள் மோசேயின் நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது ஆதியாகமத்துக்கு வைத்த தொடக்கம் அது. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதவந்த யோவான், அதை அப்படியே எடுத்துத் தன் முதல் வரியில் வைத்தார். இதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்போம். அதைவிட எனக்கு அருமையாகப் படுவது, அதே நூலின் மறுகோடியில், 20-ஆம் அதிகாரத்தில் இருக்கும் ஒரு சின்ன வினைச்சொல்.

ஆதியாகமம் படைப்பை இரண்டு முறை சொல்கிறது. முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார், ஆகிறது. கை எதிலும் படுவதில்லை. முதலில் ஒளி, பிறகு ஆறு நாளின் வரிசை. இரண்டாம் அதிகாரத்தின் மணமே வேறு. அங்கே கடவுள் குயவரைப்போல் மண்ணில் மனிதனை வனைகிறார், அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார், தோட்டம் நடுகிறார். இவை இரு வேறு காலத்து மரபுகள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. யோவான் இரண்டையும் வீணாக்கவில்லை. முதல் கதையின் சொல்லும் ஒளியும் இருளும் அவர் நூலின் முகப்பில் நிற்கின்றன. இரண்டாம் கதையின் மண், தோட்டம், மூச்சு எல்லாம் உள்ளே போகப்போக வருகின்றன.

மண் வருவது 9-ஆம் அதிகாரத்தில். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் கண்ட இயேசு தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து, அவன் கண்ணில் பூசுகிறார். ஒரு சொல்லில் குணமாக்கக் கூடியவர் ஏன் மண்ணைத் தொட வேண்டும்? 2-ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ் இதற்கு விடை கண்டார். ஆதியில் மனிதனை மண்ணால் வனைந்த கைதான் கருவில் விடுபட்ட கண்ணை இங்கே எல்லார் முன்பாகவும் வனைந்து முடிக்கிறது என்றார். பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்திய இந்த வாசிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

தோட்டத்தைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். இயேசு பிடிபடுவது ஒரு தோட்டத்தில். அடக்கம் செய்யப்படுவதும் ஒரு தோட்டத்தில். ஆனால் ஏதேனுக்குக் கிரேக்க ஆதியாகமம் வைத்த சொல் வேறு, யோவான் எழுதும் சொல் வேறு. ஆனாலும் மகதலேனா மரியாள் உயிர்த்தவரைத் தோட்டக்காரர் என்று நினைத்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. முதல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதுதானே!

மூச்சில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. உயிர்த்த நாளின் மாலை இயேசு சீஷர்கள் நடுவே வந்து, அவர்கள்மேல் ஊதினார் என்கிறார் யோவான். அங்கே அவர் வைத்த கிரேக்க வினை ‘எனெஃபுசேசென்’. ஆதாமின் நாசியில் கடவுள் ஊதியதற்குக் கிரேக்க ஆதியாகமத்தில் நிற்பதும் இதே வினை, இதே வடிவம். புதிய ஏற்பாடு முழுவதிலும் இது வேறெங்கும் வருவதில்லை. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இந்த வினை வரும் வேறு இரண்டு இடங்களையும் பாருங்கள்: எலியா விதவையின் இறந்த பிள்ளையை எழுப்பும் இடம், எசேக்கியேல் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கில் நிற்கும் இடம். உயிர் போன இடத்தில் உயிர் வருவதைச் சொல்லவும் புழங்கிய சொல்லை யோவான் தேடி எடுத்திருக்கிறார்.

ஆதியாகமத்தின் எபிரேய மூலத்தில் இதற்கு நிற்கும் ‘நாஃபாக்’, கொல்லன் கரிநெருப்பை ஊதுவதற்கும் உரிய சொல். தமிழ் மொழிபெயர்ப்பு ஆதியாகமம், யோவான் இரண்டு இடத்திலும் ‘ஊது’ என்றே வைத்தது நம் பேறு. சாம்பல் பூத்த அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதியவர்களுக்கு அந்தச் சொல்லின் சூடு தெரியும்.

இன்னொன்றைச் சில வருடங்களுக்கு முன்புதான் கவனித்தேன். ஆதாம் மூச்சு வாங்கிய பிறகு, விலக்கப்பட்ட கனியைத் தின்று, பயந்து, மரங்களுக்குள் ஒளிந்தான். கடவுள் உலாவ வந்தது வெயில் தணிந்த வேளை. கிரேக்கப் பெயர்ப்பு அதைச் சாயங்காலமாகவே சொல்கிறது. அவர் முதலில் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்று. யோவானிலும் சாயங்காலம். இங்கேயும் பயம், சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். ஆனால் வந்தவர் எங்கே போனீர்கள், ஏன் ஓடினீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. சமாதானம் சொன்னார், காயங்களைக் காட்டினார், ஒளிந்திருந்தவர்கள் மேலேயே ஊதினார்.