புலமைப்பரிசிற் பரீட்சையும் ஆயத்தக் கல்வியும்: ஒரு விமர்சன நோக்கு

பரீட்சை என்பது கற்றலை அளக்கும் கருவி. அதுவே கற்றலின் நோக்கமாகிவிடுமாயின் அளவுகோலும் பழுதுறும். அளக்கப்படும் பொருளும் பழுதுறும். இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பரீட்சையை இலவசக் கல்வியின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1940களில் மத்திய பாடசாலைகள் கிராமப்புறங்களிற் பெருகின. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வறிய கிராமத்துப் பிள்ளைகளுள் ஆற்றல் மிக்கோரைத் தெரிந்து, உதவி வழங்கி, அப்பாடசாலைகளிற் சேர்ப்பதே புலமைப்பரிசிலின் மூலநோக்கம். செல்வம் அடைத்துவைத்த கதவுக்கு அது ஒரு திறவுகோலாயிருந்தது.

இன்று இப்பரீட்சை இரு பணிகளை ஆற்றுகின்றது. ஒன்று, வருமானங் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குதல். மற்றையது, பிரபல பாடசாலைகளின் தரம் 6 இற்கு மாணவரைத் தெரிதல். பெற்றோரைப் பெரிதும் இயக்குவது இரண்டாவதே. ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் தோற்றும் பரீட்சையிற் பிரபல பாடசாலைகளில் உள்ள இடங்கள் மிகச் சிலவே. எனவே 200 புள்ளிகளுள் ஒரு பத்து வயதுப் பிள்ளை பெறுவது எத்தனை என்பது குடும்பத்தின் கௌரவப் பிரச்சினையாகின்றது. மாலைநேர ரியூசன், வார இறுதிக் கருத்தரங்கு, வழிகாட்டி நூல், மாதிரி வினாத்தாள் என ஒரு சந்தையே இதனைச் சுற்றி உருவாகியுள்ளது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து வருகின்றது. அத்தடையே அச்சந்தையின் வலிமைக்கு அத்தாட்சி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அச்சோறு ஏனைய பருக்கைகளோடு ஒரே உலையில் வெந்திருந்தால் மட்டுமே இது பொருந்தும். வினாத்தாளும் அத்தகைய பதச்சோறே. ஆயத்தக் கல்வியோ அந்த ஒரு பருக்கையைத் தனியே எடுத்து வேகவைக்கின்றது. முன்னறியாத சூழலிற் சிந்திக்கும் ஆற்றலை அளக்க வந்த எண்கோல வினா, நூறாவது தடவையாகச் சந்திக்கப்படும்போது ஞாபகத்தையே அளக்கின்றது. தாய்மொழிப் பாடத்திற் கதை கூறலும் சுயமாக எழுதுதலும் பின்தள்ளப்பட, எதிர்ச்சொற்களும் மரபுத்தொடர்களும் பட்டியல்களாக மனனஞ் செய்யப்படுகின்றன. பெறப்படும் புள்ளி உயரலாம். அப்புள்ளி சுட்டிநிற்கும் அறிவு உயர்ந்ததெனக் கொள்ளுதற்கில்லை.

2024 செப்ரெம்பரில் நடைபெற்ற பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் 3 வினாக்கள் முன்கூட்டியே வெளியானமை பெருஞ் சர்ச்சையாகி, உயர் நீதிமன்றம் வரை சென்றது. இதனைச் சிலரது ஒழுக்கக்கேடாக மட்டும் நோக்குதல் போதாது. எதிர்பார்க்கப்படும் வினாக்கள் விலைபோகும் சந்தையில் உண்மையான வினாவுக்கு அதனினும் உயர்ந்த விலை உண்டென்பது வெளிப்படை.

இச்சந்தையில் எதனையும் வாங்க இயலாதோர் யார்? தோட்டத்து லயத்திலும் வன்னியின் குக்கிராமத்திலும் வாழும் பிள்ளைகளே. அவர்களுக்காகத் தோன்றிய பரீட்சை, அவர்கள் பின்தங்குவதை 'திறமையின்மை' எனச் சான்றுப்படுத்தும் பரீட்சையாக மாறியமையே இதிலுள்ள பெரும் முரண்பாடு.

பரீட்சையை நீக்கினால் செல்வாக்கும் நன்கொடையுமே அனுமதியைத் தீர்மானிக்கும் என வாதிடுவோர் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அது பரீட்சையின் சிறப்பை நிறுவவில்லை. பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வையே ஒப்புக்கொள்கின்றது. உதவிப்பணத்தை வறுமையின் அடிப்படையில் வழங்கிப் பாடசாலைத் தெரிவிலிருந்து அதனைப் பிரித்தல் முதற்படியாகும். ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியரும் நூலகமும் ஆய்வுகூடமும் கிடைக்கச் செய்தல் அடிப்படைப் பணியாகும். அடுத்த தெருப் பாடசாலையே நல்ல பாடசாலையாக அமையும் நாளில், பத்து வயதுப் பிள்ளையை வெட்டுப்புள்ளிக்கு முன் நிறுத்தவேண்டிய தேவை எவருக்கும் இராது.