சர்வரின் ஒரு நாளை எப்படி ரசிப்பது?

கோவையின் பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ ஒரு நூல் மில்லின் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர் கையில், நூலின் தடிப்பு மெலிவைக் காட்டும் உஸ்டர் சார்ட்டைக் கொடுத்தால், சராசரி எண்ணோடு நின்றுவிட மாட்டார். மேடு எங்கே எழுகிறது, எத்தனை இடைவெளிக்கு ஒருமுறை எழுகிறது என்று பார்ப்பார். ரிங் ஃபிரேமின் முன் உருளை 25 மி.மீ. விட்டம் கொண்டது என்று வையுங்கள். அது மையம் விலகிச் சுற்றினால் நூலில் ஏறக்குறைய 8 செ.மீ.க்கு ஒருமுறை தடிப்பும் மெலிவும் வரும். சார்ட்டில் 8 செ.மீ. இடத்தில் மேடு தெரிந்தால் நேரே அந்த உருளையிடம் போய்விடலாம். சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கோவையில் தொடங்கியது 1956ல். உலக மில்களின் நூல் தரத்தை ஒப்பிடும் உஸ்டர் புள்ளிவிவரங்கள் வெளிவரத் தொடங்கியது 1957ல். அளந்து, பதிந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த ஊரின் தொழிலில் அப்படி ஊறியிருக்கிறது.

அதே மில்லின் அலுவலக மூலையில் இருக்கும் சர்வரை மட்டும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ‘ஸ்லோவா இருக்குங்க’ என்று போன் வந்தால் ரீஸ்டார்ட் செய்கிறோம். கொஞ்ச நேரம் ஓடுகிறது, மறுபடி போன் வருகிறது. மெஷினுக்குக் காட்டும் மரியாதையைச் சர்வருக்கும் காட்ட ஒரு வழி இருக்கிறது.

லினக்ஸில் எஸ்ஏஆர் என்ற மூன்றெழுத்துக் கட்டளை உண்டு. பழைய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்துப் பெயர் அது. லினக்ஸுக்கு அதைச் ‘சிஸ்ஸ்டாட்’ என்ற இலவசத் தொகுப்பாக எழுதி, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் பிரான்ஸைச் சேர்ந்த செபாஸ்தியான் கொதார். அது வேலை செய்யும் முறை எளிது. பிராசஸர் எவ்வளவு நேரம் உழைத்தது, டிஸ்க்கில் எத்தனை முறை எழுதியது என்ற கணக்கையெல்லாம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எப்போதும் தானாகவே வைத்திருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன நிரல் விழித்து, அந்தக் கணக்கை அன்றைய தேதிக்குரிய கோப்பில் எழுதிவிட்டு மறைகிறது. ஒரு நாளைக்கு 144 பதிவுகள். சர்வருக்கு அது ஒரு பாரமே இல்லை.

பலரும் கோளாறு வந்த நாளின் கோப்பைத்தான் முதலில் திறக்கிறார்கள். அது சரியான தொடக்கம் இல்லை. எந்தப் புகாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமையை எடுங்கள். கட்டளையோடு ஒரு சிறுகோடும் ‘யு’ என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டினால் பிராசஸரின் நாள் முழுக்க வரிவரியாக இறங்கும். கடைசிப் பத்தி, பிராசஸர் சும்மா இருந்த சதவீதம். முதலில் அதை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பின்னிரவில் சர்வர் ஏறக்குறைய முழு ஓய்வில் இருக்கும். காலை ஷிப்ட் மாறும்போது வருகைப் பதிவும் உற்பத்திக் கணக்கும் ஏறும், அங்கே ஒரு சின்னச் சரிவு. ஆபீஸ் நேரம் தொடங்கியதும் ஓய்வு நன்றாகக் குறையும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனது அப்படியே தெரியும். மாலையில் லாரி கிளம்புவதற்குள் பில்லும் இ-வே பில்லும் போடும் பரபரப்பு தெரியும். மில்லின் ஒரு முழு நாளை எண்களிலேயே பார்க்கலாம். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து மாதத்தைப் பாருங்கள். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். 11ஆம் தேதிக்கு ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்கு 3பி. அதையொட்டிய நாட்களில் கணக்குப் பிரிவு பெரிய பெரிய அறிக்கைகளைக் கேட்கும், சர்வரும் தடுமாறும். 10ஆம் தேதியின் பதிவைப் போன மாத 10ஆம் தேதியோடுதான் ஒப்பிட வேண்டும். 3ஆம் தேதியோடு ஒப்பிட்டுவிட்டுப் புது சர்வர் வாங்க ஓடக்கூடாது.

நல்ல நாளின் வடிவம் பழகிவிட்டால், வேலை கூடும் மேடுகளை எண்ணத் தொடங்கலாம். உஸ்டர் சார்ட்டில் 8 செ.மீ. மேடு உருளையைக் காட்டிக்கொடுப்பதுபோல், இங்கே நேர இடைவெளி காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் எழும் மேடு மனிதர்களால் வருவதில்லை. யாரோ எப்போதோ அமைத்துவிட்டு மறந்துபோன தானியங்கி வேலை அது. நள்ளிரவில் எழுந்தால் பேக்கப்பாக இருக்கும். டெபியன் சர்வரில் காலை 6:25க்கு ஒரு மேடு தெரிந்தால் கலங்க வேண்டாம். தினசரிப் பராமரிப்பு வேலைகளுக்கு டெபியன் வழக்கமாக ஒதுக்கியிருக்கும் நேரம் அது. நேரம் தவறாமல் வரும் மேட்டுக்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். முறையே இல்லாமல் வருவதற்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

லோடு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ‘க்யூ’ எழுத்தைச் சேர்த்தால் அது வரும். மோட்டாரும் பம்ப்செட்டும் புழங்கும் ஊர் நம்முடையது. லோடு என்றதும் மெஷின் இழுக்கும் பளு என்றே நினைப்போம். லினக்ஸின் லோடு அப்படி அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள், பிராசஸருக்காக வரிசையில் நிற்கும் வேலைகள், இவற்றோடு டிஸ்க்கின் பதிலுக்காக முடங்கிக் கிடக்கும் வேலைகளும் அதில் சேரும். 1993ல் செய்த ஒரு மாற்றத்தால் வந்த குணம் இது. அதனால் நான்கு கோர் சர்வரில் லோடு 12 என்று காட்டும்போதே பிராசஸர் முக்கால்வாசி சும்மா இருக்கலாம். அப்படியானால் முதல் கட்டளையில், டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் ‘ஐஓவெயிட்’ பத்தியைப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் சந்தேகம் டிஸ்க் மேல் போக வேண்டும். பிராசஸரை மாற்றிப் பயனில்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் குழப்பும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பேசும்.

மெமரி விஷயத்தில் வீண் பயம் அதிகம். காலியாக உள்ள ரேம் குறைவாகத் தெரிவது குற்றமல்ல, மிச்சமுள்ள ரேமில் லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று தனிப் பத்தி உண்டு, அதைப் பாருங்கள். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப்புக்குள் போவதும் வருவதும் மணிக்கணக்கில் நீடித்தால்தான் கவலை.

ஒரு எச்சரிக்கை. பிராசஸர், டிஸ்க் கணக்குகளில் ஒவ்வொரு வரியும் 10 நிமிடத்தின் சராசரி. நடுவில் 20 விநாடி சர்வர் திணறியிருந்தால் சராசரி அதை விழுங்கிவிடும். பில் போடுபவருக்கு அந்த 20 விநாடிதான் பிரச்சினை. குறிப்பிட்ட நேரத்தில் புகார் வருகிறது என்றால், அந்த நேரத்தில் மட்டும் விநாடிக்கு ஒருமுறை என்று 600 பதிவுகளைத் தனிக் கோப்பில் எடுக்கலாம். சிறுகோடு, ‘ஓ’, கோப்பின் பெயர், 1, 600 என்று தட்டினால் போதும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர் என்றால் ‘ஸ்டீல்’ என்ற பத்தியையும் பாருங்கள். உங்கள் சர்வர் பிராசஸருக்காகக் காத்திருக்கையில் அது வேறொருவருக்குப் போன நேரம் அங்கே தெரியும்.

பதிவின் நடுவே ‘லினக்ஸ் ரீஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு வரி வரும். சர்வர் நின்று மறுபடி எழுந்த இடம் அது. 2012ன் மின்வெட்டைக் கொங்கு நாட்டில் தொழில் செய்த யாரும் மறக்க மாட்டார்கள். இன்றும் யுபிஎஸ் பேட்டரி பழுதானால் யார் சொல்வதற்கும் முன்பாக இந்த வரி சொல்லிவிடும்.

எண் பட்டியலைப் பார்த்துக் கண் வலித்தால், கூடவே வரும் எஸ்ஏடிஎஃப் என்ற கட்டளை அதே கோப்பைப் படமாக வரைந்து தரும், எக்செலில் திறக்கும்படியும் பிரித்துத் தரும். ஆனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது உலக நேரத்தில்தான் எழுதும். காலை 10 மணி மேடு 4:30ல் நிற்கும். ‘டி’ என்ற பெரிய எழுத்தைச் சேர்த்து நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டெபியன், உபுண்டு சர்வர்களில் தொகுப்பை நிறுவினாலும் பதிவு அணைந்தே இருக்கலாம். அமைப்புக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்றிருந்தால் அதை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். எத்தனை நாள் பதிவு சேமிக்கப்படும் என்பதையும் அதோடு பார்த்து, ஒரு மாதமாவது இருக்கும்படி கூட்டுங்கள். பதிவாகாத நாளை எந்தக் கட்டளையாலும் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் ஆபீஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: பதிவு ஓடுகிறதா?