சர்வகலாசாலையும் மக்கள் மொழியும்

ஒரு மொழிக்கெனச் சர்வகலாசாலை அமைப்பது பெருமைக்குரிய செயலே. ஆயின், அதனால் அம்மொழி பேசும் பொதுசனங்கள் பெற்ற பயன் யாது என்று கேட்பது நம் கடமை. தெலுங்கு நாட்டின் அனுபவம் இவ்வகையிற் சிந்தனைக்குரியது.

1985இல் ஐதராபாத்தில் தெலுங்குச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. தனித்தனியே இயங்கிய இலக்கிய, இசை நாடக, நுண்கலை அக்கடமிகள் அதனுள் அடங்கின. குச்சிப்புடி நடனம் அது பிறந்த கிராமத்திலேயே போதிக்கப்பட்டது. வாரங்கலில் நாட்டார், பழங்குடியினர் வழக்காறுகளுக்கெனத் தனிப்பீடம் எழுந்தது. இவை பாராட்டத்தக்கன.

எனினும், எவருடைய தெலுங்கு, எவருடைய கலாசாரம் என்னும் வினா பழையது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடுகு வெங்கட ராமமூர்த்தி, பேச்சுத் தெலுங்கே பாடநூல்களில் இடம்பெறவேண்டுமென வாதிட்டார். பண்டிதர்கள் அதனைக் கொச்சையென இகழ்ந்தனர். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் ‘இழிசனர் வழக்கு’ என்று எழுந்த கூக்குரலை அறிந்தோருக்கு இது புதிதன்று. அதே ராமமூர்த்தி சவரர் என்னும் பழங்குடியினரின் மொழியையும் கற்று, அவர்தம் பிள்ளைகளுக்கு அம்மொழியிலேயே கல்வி புகட்ட முயன்றார். அவருடைய மொழிப்பற்று மக்கட்பற்றாகவே இருந்தது.

ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாவிரதமிருந்து 1952இல் உயிர்நீத்த பொட்டி சிறீராமுலுவின் பெயரைச் சர்வகலாசாலை பின்னர் தாங்கியது. 2025இல் தெலங்கானாச் சட்டமன்றம் அதற்குச் சுரவரம் பிரதாப ரெட்டியின் பெயரைச் சூட்டச் சட்டமூலம் நிறைவேற்றியது. தெலங்கானாவிற் கவிஞரில்லை என்ற ஏளனத்துக்கு 354 கவிஞரைத் தொகுத்து 1934இல் விடையளித்தவர் அவர். அரசர் வரலாற்றை விடுத்து, ஆந்திர மக்களின் உணவையும் உடையையும் தொழிலையும் வரலாறாக்கியவர். பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. அந்நோக்கை ஏற்பதே அரிது.

ஏனெனில், சர்வகலாசாலையில் அரியணை ஏறிய தெலுங்கு பாடசாலையில் இடமிழந்து வருகிறது. 2019இல் ஆந்திர அரசு, அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்க ஆணையிட்டது. 2020இல் உயர்நீதிமன்றம் அவ்வாணையை இரத்துச் செய்தது. ஆனால், ஏழைப் பெற்றோர் ஆங்கிலத்தை நாடுவதைக் குற்றமென நாம் கூறோம். உத்தியோகத்தின் கதவை ஆங்கிலமே திறக்கும் சமுதாயத்தில் அவர்களுக்கு வேறு வழியென்ன? தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கூலியாளுக்குத் தாய்மொழிப்பற்றை உபதேசிக்கும் மேல்வர்க்கத்தின் போலித்தனமே கண்டிக்கத்தக்கது.

மொழியை நடனத்தாலும் விழாவாலும் மட்டும் காக்கவியலாது. விஞ்ஞானமும் சட்டமும் மருத்துவமும் மக்களுக்கு விளங்கும் தெலுங்கில் வரவேண்டும். அத்தெலுங்கு கற்றவனுக்குப் பிழைப்பும் மதிப்பும் கிடைக்கவேண்டும். இப்பணியை மேற்கொள்ளாத சர்வகலாசாலை மொழிக்கு எழுப்பிய நினைவுமண்டபமாகுமேயன்றி, அது வாழும் வீடாகாது.